முப்பத்தோராம் பக்கத்துப் பேருந்து

மெஷின்காரருக்கு வந்த கடிதம் மிகவும் மரியாதையான கடிதம். ‘மதிப்பிற்குரிய குடியிருப்பாளரே’ என்று தொடங்கி, ‘என்றும் தங்கள் பணியில்’ என்று முடிந்தது. நடுவில், பஸ் கேட்டு அவர் எழுதிய மனுவுக்குச் சொல்லியிருந்த பதில்தான் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய பகுதியில் பதினாலாம் எண் பேருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது; ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தை மறுபடியும் கேட்க விதிகளில் இடமில்லை; ஆதாரம் வேண்டுமானால், விரைவில் வெளிவரவிருக்கும் ‘பன்முகப் புறநகர்: ஒரு சித்திரம்’ என்ற நூலின் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்க்கவும். கீழே புறநகர் விவரணைத் துறையின் முத்திரை, மை கொஞ்சம் தாராளமாகத் தொட்டு, கோணலாகக் குத்தப்பட்டிருந்தது.

தையல் மெஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில். பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லாததால் தெருவில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர்தான். கடிதத்தை மூன்று தடவை படித்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், படுத்திருந்த மனைவியிடம் கொடுத்தார்.

“ஓடுதாமே?” என்றாள் அவள். “எங்கேங்க ஓடுது?”

“அதை மட்டும் எழுதலை.”

அந்தப் பேருந்து நின்றுபோய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. மற்றவர்களுக்கு அது தொந்தரவு. மெஷின்காரர் வீட்டில் அது உயிர்ப் பிரச்சினை. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு டயாலிசிஸ். பத்து நிமிஷம் தாமதமானால் அவளுடைய சிகிச்சை நாற்காலி காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். மூன்று நாளும் வாடகை வண்டி வைத்துப் போய்வரக் கட்டுப்படியாகாது. ஆகவே முக்கால் மணி நேரம் நடந்து பிரதான சாலைக்குப் போய், அங்கே வேறு பேருந்து பிடிக்க வேண்டும். பாதி வழியில் ஒரு பாலத்துக் கட்டை இருக்கிறது. முதலில் அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போனாள். இப்போது அரை மணி உட்காருகிறாள். கட்டையில் உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தைப் பார்க்க மெஷின்காரருக்குப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போனார். ஏழு மாடிக் கட்டடம். மூன்றாம் சாளரத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா அம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து, இன்னும் அட்டை போடாத ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள்.

“இதோ, முப்பத்தொண்ணு. நீங்களே பாருங்க.”

பக்கம் முழுக்க ஒரு வண்ணப்படம். நீலச் சால்வை போர்த்திக் கறுப்புக் குடை பிடித்த ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். வாய் திறந்து பல் தெரிகிறது. கீழே, ‘ஆஸ்பத்திரி வழியாகத் தினமும் காலை பத்து மணிக்குச் செல்லும் பதினாலாம் எண் பேருந்தை எதிர்நோக்கி, மகிழ்ச்சியான ஒரு குடியிருப்பாளர்.’

மெஷின்காரர் படத்தின்மேல் விரலை வைத்தார்.

“இது என் சம்சாரம்ங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. சாட்சி உங்க வீட்டுலயே இருக்கு.”

“அம்மா, அன்னைக்கு பஸ் வரலைங்க. பஸ் நின்னுபோன மொத வாரம் அது. ஒன்பது மணியிலேருந்து பன்னெண்டரை வரைக்கும் நின்னுட்டுத் திரும்பி வந்தா.”

“சிரிக்கிறாங்களே?”

“சிரிப்பில்லைங்க. மூச்சு வாங்குது அவளுக்கு.”

குமாஸ்தா அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். கெட்ட மனுஷி இல்லை.

“அப்படித்தான் தெரியுது,” என்றாள் மெதுவாக. “ஆனா கீழ மகிழ்ச்சின்னு அச்சடிச்சாச்சு. திருத்தணும்னா இயக்குநரைத்தான் பாக்கணும். ஏழாவது மாடி. லிப்ட்டு போகுதுன்னு எழுதியிருக்கும். நீங்க படியிலயே போயிடுங்க.”

இந்தப் புத்தகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. துறை இதைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடுகிறது. முதல் பதிப்பை எழுதியவர் தெருத் தெருவாக நடந்து, கதவைத் தட்டி, கேட்டு எழுதினாராம். அதில் அவருக்குச் செருப்புத் தேய்ந்ததைத் தவிர வேறு லாபமில்லை என்று கண்ட துறை, இரண்டாம் பதிப்பை முதல் பதிப்பைப் பார்த்து எழுதியது. மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து. அச்சுக்குப் போகும் முன்பு ஒரு குழு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகுதியைச் சுற்றிவந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அதற்குப் ‘களப்பிழை’ என்று பெயர். அதாவது, பிழை தெருவில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஏழாவது மாடியில் இயக்குநர் அன்பாகத்தான் வரவேற்றார். சுவரில் பல நிறங்களில் ஒரு பெரிய வட்ட வரைபடம் மாட்டியிருந்தது.

“உக்காருங்க. உங்க பகுதியைப் பத்தி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இருபத்துமூணு வகை மக்கள். கூட்டிப் பாத்தா சரியா நூறு சதவீதம். ஒரு துளி கூட மிச்சமில்லை. வெளிநாட்டுலேருந்து வந்த குழு இந்த வட்டத்தைப் பாத்துட்டு எழுந்து நின்னு கைதட்டினாங்க.”

“நீங்க எங்க பக்கம் வந்திருக்கீங்களாங்க?”

“வரணும்னு அவசியமில்லையே. ரொம்பக் கிட்டப் போனா அபிப்பிராயம் வந்துடும். தள்ளி நின்னாத்தான் உண்மை தெரியும்.”

மெஷின்காரர் விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிவிட்டு, திருத்தம் கோரச் சாதாரணக் குடியிருப்பாளருக்கு உரிமை கிடையாது என்று வருத்தத்தோடு சொன்னார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. அந்த இருபத்துமூன்று பேர் சொன்னால்தான் அது பகுதியின் குரல்.

“நீங்க எந்த வகை?”

“எங்கப்பா வேற தேசத்துலேருந்து வந்தவர்ங்க. அம்மா இங்கயே பொறந்தவங்க, வேற மொழி. சம்சாரம் வேற சமயம். வீட்டுல எல்லாத்தையும் கலந்துதான் பேசிக்குவோம்.”

இயக்குநரின் முகம் திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது.

“பன்முகம்ங்கிறது பகுதிக்கு இருக்க வேண்டியது சார். அதைக் கொண்டுபோய் ஒரே வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா நாங்க என்ன நிறம் அடிக்கிறது? உங்களைச் சேத்தா நூத்தியொண்ணு ஆயிடும்.”

“அப்ப நான் எதுலயும் இல்லையாங்க?”

“இப்போதைக்கு இல்லை,” என்றவர், பட்டியலைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார். “இருங்க, ஒண்ணு காலியா இருக்கு. மீனவர். ரெண்டு சதவீதம்.”

“எங்க ஏரியாவுல தண்ணியே கிடையாதே?”

“ஏரி இருக்கே, ஒன்பதாம் பக்கத்துல.”

“எங்கேங்க இருக்கு அது?”

இயக்குநர் செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். “இந்தக் கட்டடத்துக்கு அடியிலதான். மீன் பிடிக்க வேண்டியதில்லை, மீனவரா இருந்தாப் போதும். கையெழுத்துப் போடுறீங்களா?”

மெஷின்காரருக்குப் பாலத்துக் கட்டை ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் தெருவில் இதைக் கேட்டு அதிகம் சிரித்தது முடிவெட்டுகிறவர்தான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் அவரே ஏழாம் வகைப் பிரதிநிதி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரைப் ‘புதிதாக வந்து சேர்ந்தோர்’ என்று போட்டிருந்தார்கள். முட்டைக்காரம்மா பன்னிரண்டாம் வகை. அவளுக்குத் தெரியாத ஒரு மொழி அவளுடைய தாய்மொழி என்று பதிவாகியிருந்தது.

“திருத்தச் சொல்லலையாக்கா?” என்று கேட்டார் மெஷின்காரர்.

“சொன்னேன் தம்பி. கத்துக்க ஆறு மாசம் டைம் தர்றோம்னாங்க.”

அடுத்த வாரம் களக்குழு வந்தது. இயக்குநர் வரவில்லை; அவருக்குப் பதிலாக ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் அதிகாரி வந்தார். பிரதிநிதிகள் முடிவெட்டும் கடை வாசலில் கூடினார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியின் நெற்றி சுருங்கியது.

“பதினேழாம் பக்கத்துல, ‘இத்தெருவில் இருபத்துமூன்று மொழிகளின் இசை ஒலிக்கும்’னு இருக்கு. நீங்க எல்லாரும் ஒரே மாதிரி பேசுறீங்களே, ஏன்?”

“அப்பத்தானே சார் புரியும்?” என்றார் முடிவெட்டுகிறவர்.

“புரியுறது முக்கியமில்லைங்க. நல்லிணக்கம்தான் முக்கியம். தனித்தனியாப் பேசுங்க, எல்லாரும் ஒரே நேரத்துல. ஆனா சந்தோஷமா.”

பேசினார்கள். யாருக்கு எந்த மொழியில் என்ன வார்த்தை ஞாபகம் இருந்ததோ அதைச் சொன்னார்கள். ஒருவர் எண்களை ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி கண்ணை மூடி ரசித்தார். முடிந்ததும், ஏதாவது குறை உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். இருபத்துமூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “பஸ்.”

அதிகாரி அசந்துபோனார். உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். ‘ஒற்றுமை: நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

மீனவப் பிரதிநிதி என்ற முறையில் மெஷின்காரர் கொடுத்த திருத்தம், ஒரு செவ்வாய்க்கிழமை குழுவின் முன்பு வந்தது. அன்று காலை மனைவி பாலத்துக் கட்டையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஒரு வழியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். “வியாழக்கிழமையும் விட்டுடாதீங்க,” என்று செவிலி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “ரெண்டு தடவை தொடர்ந்து தவறினா உடம்பு தாங்காது. புரியுதுங்களா?” புரிந்தது. புரிந்த தலையோடுதான் ஏழு மாடி ஏறினார்.

இயக்குநர் மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

“உங்க திருத்தத்தைப் படிச்சு நாங்க எல்லாரும் ஆடிப்போயிட்டோம். பஸ் இல்லைன்னு எழுதச் சொல்றீங்க. அப்ப அந்தப் படத்துல இருக்கிற அம்மா எதுக்குக் காத்திருக்காங்க? ஒண்ணுமில்லாததுக்காக ஒரு பெண்மணி நிக்கிறாங்கன்னு நாங்க உலகத்துக்குச் சொல்லணுமா? அது அவங்களுக்கு அவமரியாதை இல்லையா?”

“அவங்க என் சம்சாரம்ங்க.”

“அதனாலதான் சொல்றேன். அதனால குழு ஒரு முடிவெடுத்திருக்கு. பக்கத்தைத் திருத்த மாட்டோம். களத்தைத் திருத்துறோம். பஸ் வரும்!”

மெஷின்காரருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. “தினமுமாங்க?”

“வியாழக்கிழமை. நூல் வெளியீட்டு விழா அன்னைக்கு, சரியா பத்து மணிக்கு. தலைமை ஆணையர் வர்றார். பிரதிநிதிகள் எல்லாரும் வகை வரிசைப்படி முன்பக்கம் ஏறணும், படம் எடுத்ததும் பின்பக்கம் இறங்கணும். உங்க வீட்டம்மா அதே சால்வை, அதே குடையோட நிக்கணும்.”

“பஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமாங்க?”

“தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பும். டீசல் அவ்வளவுதான் ஒதுக்கியிருக்கு.”

வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். வியாழன் காலை எட்டரைக்கே கிளம்பினால்தான் பதினோரு மணிக்கு நாற்காலி கிடைக்கும். விழாவுக்கு நின்றால் கிடைக்காது. ஆகவே வர முடியாது என்று அவரே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மனைவி சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவே பஸ் வருதா?”

“வரும். நிக்கும். அவ்வளவுதான்.”

“நான் வரேன்,” என்றாள்.

ஏன் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. அவள் பிடிவாதம் பிடித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டதே அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். மெஷின்காரர் கையில் ஒரு வலையைக் கொடுத்தார்கள். அது கைப்பந்து விளையாடுகிற வலை. இயக்குநர் பேசினார். இந்தப் பகுதியை இருபது வருஷமாகத் தன் அறையிலிருந்தே நேசித்துவருவதாகச் சொன்னார். “இங்கே பலவகை மக்கள் அருகருகே வாழ்கிறார்கள். எப்படி வாழ்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வாழ்கிறார்கள் என்பதே எங்கள் சாதனை,” என்றார். கைதட்டினார்கள். மேடைக்குக் கீழே, நீலச் சால்வையோடு, குடைக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி மனைவி நின்றாள். நாற்காலி கேட்டதற்கு, படத்தில் நாற்காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பேருந்து வந்தது. கழுவித் துடைத்து, நெற்றியில் பதினாலு என்று பளிச்சென்று எழுதியிருந்தது. தெருவில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து அழுதேவிட்டார். முதலில் ஏறவேண்டியவள் படத்துப் பெண். மெஷின்காரர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவள் மெல்ல நடந்து, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். படம் எடுத்தார்கள். பின்வாசலைக் காட்டி இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கவில்லை.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துங்கப்பா,” என்றாள்.

“அம்மா, இது படத்துக்கு வந்த வண்டிம்மா,” என்றார் ஓட்டுநர் தணிந்த குரலில்.

“தெரியும். நான் பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்.”

அடுத்து ஏறிய முட்டைக்காரம்மா விஷயத்தைப் பார்த்தாள். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிவெட்டுகிறவர் அதற்குப் பின்னால். வகை வரிசை அதற்குள் குழம்பிப்போயிற்று. எட்டும் பதினெட்டும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தன. பிரதிநிதியாக இல்லாத ஜனங்களும் பின்வாசல் வழியாக ஏறத் தொடங்கினார்கள். ஒருவர் சந்தைக்குப் போக வேண்டும் என்றார், ஒருத்தி வேலைக்கு என்றாள். இயக்குநர் மேடையிலிருந்து ஓடிவந்தார்.

“இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! இந்த பஸ்—”

தலைமை ஆணையர் புதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். வயசானவர், இந்த மாதத்தில் அவருக்கு இது ஒன்பதாவது விழா.

“அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கிறாங்க. ஆஸ்பத்திரி வழியாத்தான் போகும்னு இங்க போட்டிருக்கே?”

“ஆமாங்க ஐயா.”

“தினமும் பத்து மணிக்குன்னு இருக்கு. இப்ப பத்து அஞ்சு ஆகுது. ஏன் நிக்குது?”

ஒரு மனிதன் உள்ளுக்குள் இடிந்துபோவதை மெஷின்காரர் அன்று நேரில் பார்த்தார். போகாது என்றால் புத்தகம் பொய். புத்தகம் பொய்யென்றால் இருபது வருஷம், ஏழு மாடி, எல்லாம் பொய். இயக்குநர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைக்கத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அதை உயர்த்தி, பச்சைக்கொடி மாதிரி ஒரு தடவை ஆட்டினார்.

“டீசல்?” என்று கேட்டார் மெஷின்காரர், ஓட்டுநரிடம்.

“நான் பதினோரு வருஷம் பதினாலு ஓட்டினவன் சார். இன்னைக்காவது ஓட்டலாம்னு நானே நேத்து ரொப்பி வெச்சேன்,” என்றார் ஓட்டுநர்.

பத்து ஐம்பதுக்கு மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதையாக இருந்திருக்கும். மறுநாள் பேருந்தை நிறுத்தத் துறை ஓர் ஆணை தயாரித்தது. நிறுத்துவதாக எழுதினால், அது நேற்று ஒரு நாள் மட்டும்தான் ஓடியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. ஆகவே இயக்குநர் வேறோர் ஆணை போட்டார். பேருந்து முப்பத்தோராம் பக்கத்தில் உள்ளபடியே, அணுவளவும் மாறாமல் இயங்கும். அதாவது, காலை பத்து மணிக்கு நீலச் சால்வை அணிந்து கறுப்புக் குடை பிடித்த பெண்மணி நிறுத்தத்தில் நின்றால் பேருந்து வரும், ஏற்றிக்கொள்ளும். நிற்காவிட்டால் அது களப்பிழை, பேருந்து திரும்பிவிடும். இதைக் கவனிக்கப் புத்தகமும் கையுமாக ஒரு பரிசோதகர் வண்டியிலேயே வந்தார்.

சிகிச்சை நாட்களுக்குக் கவலையில்லை. மற்ற நாட்களிலும் தெருவுக்கு வேலை இருந்தது. முதல் வாரம் மனைவி எல்லா நாளும் போய் நின்றாள். “பாவம், நமக்கென்ன, ஒரு கால் மணி நேரம்தானே,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டு வந்தவள் வாசற்படியிலேயே சுருண்டு உட்கார்ந்தாள். மெஷின்காரர் தூக்கி உள்ளே படுக்கவைத்தார். அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தெருவின்மேல் கோபப்பட முடியாது. ஏழாவது மாடி ரொம்ப உயரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை முட்டைக்காரம்மா வந்தாள். படுத்திருந்தவளைப் பார்த்தாள். கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மூலையில் இருந்த குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மனைவியைவிட ஒரு முழம் உயரம், இரண்டு மடங்கு பருமன். பரிசோதகர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். சரி என்று குறி போட்டார். புதன்கிழமை முடிவெட்டுகிறவரின் சம்சாரம் நின்றாள். வெள்ளிக்கிழமை யாரும் கிடைக்காமல் முடிவெட்டுகிறவரே நின்றார், மீசையோடு. அதற்கும் குறி விழுந்தது.

இப்படியே மூன்று மாதம் போய்விட்டது. சிகிச்சை இல்லாத நாட்களில் மனைவி பத்து மணி வரை படுத்திருக்கிறாள். உடம்பு முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் களைப்பு போகவில்லை. இனிமேல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தாள். மெஷின்காரர் பக்கத்தில் ஒரு மெஷினைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஏறுகிற சத்தமும் கேட்டது. மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“என்னங்க, இன்னைக்கு யாரு நான்?”

“கோடி வீட்டு டீச்சரம்மா.”

“சரி,” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.